என் தோட்டத்தில் விழாத விமானம்

உரும்பிராயில் ஒரு சின்ன விமானம் விழுந்த கதையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குள் தனியாக விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த இளம் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி வெளியில் எடுத்துக் காப்பாற்றியவன் நான்தான்.

சரி, பொய். தூக்கி எடுத்தவர் என் சகலன், அதாவது என் மனைவியின் தங்கச்சியின் புருசன். நான் தூக்கியது அந்தப் பிள்ளையின் ஒற்றைச் சப்பாத்தை. அதுவும் ஏற்கனவே கழன்று மண்ணில் கிடந்தது. அதைக் காப்பாற்ற வேண்டிய அவசரம் ஒருவருக்கும் இருக்கவில்லை.

ஆனாலும் முதல் சொன்ன கதையை நான் நிறையப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சந்தையில் ஒரு மனிதர் அதை நம்பி எனக்குத் தேத்தண்ணீரும் வடையும் வாங்கித் தந்தார். வடை பாதி இறங்கியபோது பக்கத்தில் நின்றவர் கைபேசியில் வீடியோவைப் போட்டுக் காட்டினார். வீடியோவில் உடைந்த விமானத்துக்குப் பக்கத்தில் சகலன் நிற்கிறார். பின்னால் வேலிக்கு மேலாக ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. அந்தத் தலை என்னுடையது. மிச்ச வடையை நான் தலை குனிந்துதான் தின்றேன். தின்னாமல் விடவில்லை.

என் சகலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறாமைப்படுவதற்குக் கொஞ்சமும் வசதியில்லாத மனிதன். குடிக்க மாட்டார். கத்த மாட்டார். புளுக மாட்டார். என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னை வாய் நிறைய "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். ஒரு கெட்ட பழக்கமாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நான் ஆறுதலடையலாம். தேடித் தேடிப் பார்த்தேன். பல்லுத் தீட்டும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் போடுகிறார். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்?

அவர் படித்தவருமில்லை, நானுமில்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். "பள்ளிக்கூடந்தான் உவரை விட்டது" என்று மனைவி திருத்துவாள். ஆனால் அவர் பேசாமல் இருப்பதால் ஊர் அவரைப் படித்தவர் என்று நினைக்கிறது. நான் வாயைத் திறப்பதால் என்னை என்னவென்று நினைக்கிறது என்பதை விட்டுவிடுவோம்.

எங்கள் மாமனார் தன் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் சீதனமாக எழுதினார். மூத்த மருமகன் நான், அதனால் முதல் தெரிவு எனக்கு. நான் றோட்டுப் பக்கத்துத் துண்டை எடுத்தேன். றோட்டுக்குத் திறக்கிற படலை, கிணறு, வாழை, வரிசையாகத் தென்னை, எல்லாம் அதற்குள்தான். பின்னால் இருந்த துண்டு அவருக்குப் போனது. வெறும் செம்மண். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. அன்றைக்கு நான் அவருடைய தோளில் கையைப் போட்டு, "கவலைப்படாதை தம்பி, மண் நல்ல மண்" என்று சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை.

எஞ்சின் நின்றுபோன விமானத்தோடு ஆகாயத்தில் தனியாக இருக்கும் ஒரு பிள்ளை கீழே எதைத் தேடும்? மரமில்லாத, கரண்ட் கம்பி இல்லாத, உழுது விட்ட வெறும் நிலத்தைத்தானே தேடும்? என் தென்னைகளைக் கண்டதும் அவள் ஒதுங்கிப் போய்விட்டாள். ஆசையோடு நான் தெரிந்தெடுத்த ஒவ்வொரு மரமும் அன்றைக்கு என்னைக் காட்டிக்கொடுத்தது.

கிணறு என் துண்டில் நின்றாலும் பங்குக் கிணறு. ஒருநாள் என் முறை, அடுத்த நாள் அவர் முறை. யாருடைய முறையோ அவர்தான் தன் இறைப்பு மிசினைக் கொண்டுவந்து வைத்துத் தண்ணீர் இறைக்கலாம். எங்கள் பக்கத்தில் ஒருவன் மற்றவனின் முறையில் இறைத்தால் அது காணிக்குள் வேலியைத் தள்ளிப் போடுவது மாதிரித்தான். பேச்சுவார்த்தை நின்றுவிடும். செத்த வீட்டுக்குக்கூட வாசல்வரைதான் வருவார்கள்.

விமானம் விழுந்த அன்றைக்கு முறை அவருடையது. ஆனால் அவர் வெங்காயம் கிண்டி முடித்து, நிலத்தை உழுது போட்டிருந்தார். அவருக்குத் தண்ணீர் தேவையில்லை. நான் எப்போதும் போலப் பிந்தி நட்டதால் என் வெங்காயம் இன்னும் பாத்தியில் நின்று வாடிக்கொண்டிருந்தது. ஒரு வாய் கேட்டிருந்தால் "இறையுங்கோ அண்ணை" என்று சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை. அவரிடம் கேட்டு வாங்கினால் அந்தத் தண்ணீரும் அவருடைய நல்ல பெயருக்குள் போய்விடும். பிறகு என் மனைவி, "பாத்தியளே, கேட்ட உடனை தந்திட்டான், என்ன மனசு" என்று ஒரு கிழமைக்குச் சொல்லுவாள். அதைக் கேட்பதைவிடக் களவெடுப்பது சுகம்.

அவர் வீட்டார் காலையில் கீரிமலைக் கோயிலுக்குப் போனார்கள். அவரும் போயிருப்பார் என்று நினைத்து நான் வாழைகளுக்குப் பின்னால் மிசினை வைத்துக் கயிற்றை இழுத்தேன். என் மிசினுக்குச் சைலன்சர் உடைந்து நாளாயிற்று. ஸ்டார்ட் ஆனால் ஒரு சத்தம் வரும் பாருங்கள், பக்கத்தில் நின்று பேசினால் ஒருவரையொருவர் வாயசைவில்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். முதல் பாத்தி இன்னும் நிறையவில்லை. நான் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்று தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பப் போனேன். அப்போது தென்னைகளுக்கு மேலால் அது வந்தது.

வெள்ளை நிறம், இரண்டு பேர் இருக்கிற மாதிரிச் சின்னது. பலாலிப் பக்கமாகப் பயிற்சிக்குப் பறக்கிற விமானங்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம், ஆனால் இந்தளவு தாழ ஒன்றும் வந்ததில்லை. என் மிசின் சத்தத்தில் அது எந்தச் சத்தமும் இல்லாமல் வருவதாகத்தான் பட்டது. ஆனால் ஒன்றை என் கண் கண்டது. முன்னுக்கு இருக்கிற விசிறி சுற்றவில்லை. குறுக்கே ஆணியடித்த பலகை மாதிரி அப்படியே நின்றது.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? படுத்தேன். குண்டு விழுந்த காலத்தைக் கண்ட எங்கள் வயதுக்காரருக்கு விமானம் தாழப் பறந்தால் மூளை யோசிக்க முதல் உடம்பு பங்கரைத் தேடும். பங்கர் இல்லாததால் வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால். அந்த நேரத்தில்தான் பின்பக்கத்தில் நிலம் அதிர்ந்தது. பிறகு தகரம் மடிகிற சத்தம்.

எழும்பிப் பார்த்தால் வேலிக்கு அங்கால் சகலனின் செம்மண்ணில் விமானம் மூக்குக் குத்தி, ஒரு செட்டை நிலத்தில் ஊன்றி, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தூசி அடங்கவில்லை. அந்தத் தூசிக்குள்ளால் ஒரு ஆள் விமானத்தை நோக்கி ஓடுகிறான். சகலன்! மனிதன் கீரிமலைக்குப் போகவே இல்லை. பின்வேலியில் கதியால் தடிகளை நட்டுக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஓடவேண்டும் என்று எனக்கும் தோன்றியது. ஓடினேன். ஆனால் விமானத்தை நோக்கி இல்லை, மிசினை நோக்கி. அவருடைய முறையில் என் மிசின் கத்திக்கொண்டு நிற்கிறதே! ஊர் முழுக்க இப்போது இங்கே வரப்போகிறதே! மிசினை நிற்பாட்டி, அதன்மேல் இரண்டு வாழையிலையைப் போட்டு மூடிவிட்டுத்தான் விமானத்துக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அந்தப் பிள்ளையைக் கதவுக்குள்ளால் இழுத்துத் தூக்கிக்கொண்டு பெற்றோல் மணக்கிற இடத்திலிருந்து தள்ளி வந்துவிட்டார். நெற்றியில் இரத்தம், ஒரு கை வளைந்து கிடந்தது, ஆனால் பிள்ளை பேசினாள்.

"எஞ்சின் நிண்டுட்டு... எஞ்சின் நிண்டுட்டு..."

"ஓம் பிள்ளை, ஓம். பயப்பிடாதையுங்கோ" என்றார் சகலன்.

எனக்குச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சப்பாத்து கிடந்தது. எடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஆட்கள் வந்தார்கள். கோப்பாயிலிருந்து வந்தார்கள், வட்டுக்கோட்டையிலிருந்து வந்தார்கள், கல்யாணத்துக்குப் போக உடுத்தவர்கள் வழியில் இறங்கி வந்தார்கள். விமானம் நின்றது அவருடைய துண்டில். ஆனால் படலை என்னுடையது! எல்லாரும் என் படலையால் நுழைந்து, என் வெங்காயத்தை மிதித்து, என் வாழைகளில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அவரைப் பார்க்கப் போனார்கள். கச்சான் கடலை விற்கிறவர்கூட என் கிணற்றடியில்தான் கடை போட்டார். அவரிடம் ஒருவன், "அண்ணை, பிளேன் விழுந்த தோட்டம் எது?" என்று கேட்க, "உது சும்மா வழி. தோட்டம் அங்காலை" என்றார். என்னுடைய சீதனம் ஒரே நாளில் சும்மா வழியாகப் போய்விட்டது.

யூடியூப் பொடியள் வந்து சகலனின் வாய்க்கு முன்னால் மைக்கைப் பிடித்தார்கள். "நான் கிட்ட நிண்டன். தூக்கினன்" என்றார். அவ்வளவுதான். அதை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். நான் மைக்கைத் தேடிப் போய், விமானம் தடுமாறி வந்ததையும், நான் தோளில் கிடந்த துவாயைச் சுழற்றிச் சுழற்றி வெறும் நிலம் இருக்கிற பக்கத்தைக் காட்டியதையும், அந்தப் பிள்ளை எனக்குத் தலையாட்டியதையும் விபரமாகச் சொன்னேன். "அப்ப நீங்கள் எங்கை நிண்டனியள்?" என்று பொடியன் கேட்டான். மிசின் ஞாபகம் வந்தது. "படலையடியிலை, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு" என்றேன். படலையடியிலிருந்து அந்த நிலமே தெரியாது. அதை அவன் போடவும் இல்லை. போட்டது வேலிக்கு மேலால் தெரிகிற என் தலையை மட்டும்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். திருகோணமலைப் பக்கத்து மனிதர், மரியாதையாகக் கதைத்தார். சகலனிடம் என்ன கேட்டது, என்ன கண்டது என்று விசாரித்தார். என்னிடமும் வந்தார். நான் துவாய்க் கதையைத் தொடங்கினேன். நல்ல பொறுமையோடு கேட்டுவிட்டு, "சரி ஐயா, நன்றி" என்று பேனையை மூடினார். விசிறி சுற்றாததையும் சொன்னேன்தான். ஆனால் துவாய்க்குப் பிறகு சொன்னதால் அதுவும் துவாயோடு போய்விட்டது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி தொலைபேசியில் கனடாவில் இருக்கிற தன் தமையனிடம், "தங்கச்சியின்ரை மனுசன் இல்லாட்டி அந்தப் பிள்ளை முடிஞ்சுதண்ணை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "உம்மடை மனுசனும் அங்கைதான் நிண்டவர் எண்டு சொல்லுமன்" என்றேன். "ஓமண்ணை, இவரும் நிண்டவர்" என்றாள், மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி.

கொஞ்ச நாள் போக அந்தப் பிள்ளையைத் தாயும் தகப்பனும் சகலன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தாய்க்கு வட்டுக்கோட்டை, மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த வேதக்காரக் குடும்பம், இப்போது கொழும்பில் இருக்கிறார்கள். ஒரு தட்டத்தில் பழங்களும், பெட்டியில் வீட்டில் செய்த கேக்கும், சகலனுக்கு ஒரு பட்டு வேட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். நான் வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் புகுந்து போய் ஒரு கதிரையில் இருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. சொந்தத்துக்குள் கூப்பிட வேண்டுமா?

பிள்ளைக்குக் கையில் பிளாஸ்டர். "இவர்தான் என்ரை உயிரைக் காப்பாத்தின மாமா" என்று சகலனைக் காட்டிக் கும்பிட்டாள். "லைசன்ஸ் எடுத்த உடனை முதல் ஆளா மாமாவைத்தான் ஏத்திக்கொண்டு பறப்பன்."

எனக்கு விமானத்தில் ஏற வேண்டும் என்று சின்ன வயது முதல் ஆசை. சகலனுக்கு ஊஞ்சலில் ஏறினாலே தலை சுற்றும்.

அப்போது தகப்பன் மெல்லமாக, "லைசன்ஸ் எடுக்க விடுறாங்களோ தெரியாது" என்றார்.

"ஏன்?" என்றாள் மச்சாள், என் மனைவியின் தங்கச்சி.

"எஞ்சின் நிண்டதாலைதான் இறக்கினன் எண்டு இவ சொல்லுறா. ஆனா எஞ்சின் சத்தம் கடைசி மட்டும் கேட்டதெண்டு சாட்சி இருக்காம். அப்பிடியெண்டால் இவ விளையாட்டுக்குத் தாழப் பறந்து விழுத்திப்போட்டா எண்டுதான் வரும். பிளேன் எஞ்சினைக் கழட்டிப் பாக்கினம், அது உடைஞ்ச உடைவிலை என்ன தெரியுமோ, எவ்வளவு நாளெடுக்குமோ. அதுவரைக்கும் பறக்க ஏலாது. சாட்சி அப்பிடியே நிண்டால் பிறகும் ஏலாது."

சகலன் கையிலிருந்த தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தச் சாட்சி நான்தான்" என்றார்.

மச்சாளின் கையில் கேக் வெட்டுகிற கத்தி அப்படியே நின்றது.

"நான் குனிஞ்சு கதியால் கட்டிக்கொண்டு நிண்டன். சத்தம் திடீரெண்டு தொடங்கிச்சுது. பிறகு விழுந்தது கேட்டுது. விழுந்து கொஞ்சத்திலை சத்தம் நிண்டுது. கேட்டதைத்தான் சொன்னன்."

"மாமா, சத்தியமா நிண்டுட்டு. நான் எத்தினை தரம் திருப்பி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தன்" என்றாள் பிள்ளை. அழவில்லை. ஆனால் அழுதிருந்தால் பரவாயில்லை போல இருந்தது.

"நீங்கள் பொய் சொல்லுறியள் எண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை. ஆனா என்ரை காது கேட்டதை நான் எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் கேட்டது என் மிசினை. விழுந்து கொஞ்சத்தில் நின்றதும் அதுதான், நான் ஓடிப்போய் நிற்பாட்டியதுதான்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது கவலையில்லை. சந்தோசம். இத்தனை வருசத்தில் மனிதன் முதன்முதலாகப் பிழைவிட்டிருக்கிறார்! அதுவும் பட்டு வேட்டி மடியில் கிடக்கும்போது! நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் களவும் வெளியில் வராது, அவருடைய நல்ல பெயரிலும் ஒரு ஓட்டை விழும். அந்தச் சந்தோசத்தோடு ஒரு துண்டுக் கேக்கை எடுத்துத் தின்றேன். ஐசிங் இல்லாத கரைத் துண்டுதான் எனக்கு வந்தது. அதுகூட இனித்தது.

அப்போது பலாலிக்குப் போகிற விமானம் ஒன்று மேலால் போனது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தை மேலே தூக்கினாள். கூரை ஓட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் சத்தம் போகிற திசையில் அவள் முகமும் மெல்ல மெல்லத் திரும்பியது. சத்தம் முழுக்க அடங்கும்வரை அவள் எங்களோடு இல்லை. விமானத்தில் ஏற ஆசைப்பட்டவனுக்கு அந்த முகம் தெரியும். கையில் இருந்த மிச்சக் கேக்கைத் தட்டில் வைத்தேன்.

"அது என்ரை மிசின்" என்றேன்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பிளேன் இல்லை. தம்பி கேட்டது என்ரை இறைப்பு மிசின். அண்டைக்கு நான் இறைச்சுக்கொண்டு நிண்டனான். பிளேன் விழ ஓடிப்போய் நிப்பாட்டினனான்."

என் மனைவி வேலிப்பொட்டுக்குள்ளால் எப்போது வந்தாளோ தெரியாது, எனக்குப் பின்னால் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, வந்த ஆக்களுக்கு முன்னாலையும் தொடங்கிட்டியளோ?"

"சத்தியமாச் சொல்லுறன்."

"முதல் துவாயைக் காட்டிப் பிளேனை இறக்கினனெண்டியள். பிறகு படலையடியிலை தேத்தண்ணி குடிச்சனெண்டியள். இப்ப மிசினோ? நாளைக்கு ஓட்டினதே நான்தான், பிள்ளை சும்மா பக்கத்திலை இருந்தவ எண்டு சொல்லுவியள்."

எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளையும் பிளாஸ்டர்க் கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் பழக்கதோசத்தில் சிரித்துவிட்டேன். அதோடு என் கதை இன்னும் பொய்யாகிப் போனது.

சகலன் மட்டும் சிரிக்கவில்லை. "அண்டைக்கு என்ரை முறையெல்லோ அண்ணை?" என்றார்.

"ஓம், உன்ரை முறைதான்."

"என்ரை முறையிலை நீங்கள் ஏன் இறைக்கப் போறியள்? தண்ணி வேணுமெண்டால் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருப்பியளே." பிறகு தகப்பனிடம் திரும்பி, "அண்ணை அப்பிடிச் செய்யிற ஆளில்லை. பிள்ளையைப் பாக்கப் பாவமாக் கிடக்கு, அதுதான் பழியைத் தன்ரை தலையிலை போடப் பாக்கிறார். வாய்தான் கொஞ்சம் கூட. மனம் தங்கம்" என்றார்.

என் ஆயுளில் என்னைத் தங்கம் என்று ஒரு மனிதன் சொன்னது அன்றைக்குத்தான். அதுவும் நான் கள்ளன் என்று நானே அடித்துச் சொல்லும்போது! இவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நான் களவெடுத்ததைக்கூட நம்ப மறுத்து, அதிலும் என்னைவிட நல்லவராகிவிட்டார்.

தகப்பனுக்கு மட்டும் ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. தண்ணீரில் தத்தளிக்கிறவர் என்னைப் போல ஒரு வைக்கோலையும் பிடித்துத்தானே பார்ப்பார். அவர் அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். அதிகாரியும் சலிக்காமல் திரும்பி வந்தார்.

"ஐயா, நீங்கள் அந்த மிசினை அதே இடத்திலை வைச்சு ஸ்டார்ட் பண்ணுங்கோ. அவர் நிண்ட இடத்திலை நாங்கள் நிண்டு கேக்கிறம்" என்றார்.

நல்ல யோசனை. எல்லாரும் பின்வேலியில் போய் நின்றார்கள். நான் வாழைகளுக்குப் பின்னால் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். மிசின் ஒரு தும்மல் தும்மியது. திரும்ப இழுத்தேன். தும்மலும் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டி, காலை ஊன்றி, முருகனைக் கூப்பிட்டு இழுத்தேன். கயிறு கையோடு வந்தது, நான் பின்பக்கமாகப் போய் வாழையில் விழுந்தேன். களவாக இறைக்கும்போது ஒரே இழுவையில் கத்தின சனியன், அதிகாரிக்கு முன்னால் செத்த பிணமாகக் கிடந்தது.

"என்னண்ணை, மிசினும் உங்கடை கதையிலைதான் ஓடுமோ?" என்று ஒருவன் வேலிக்கு வெளியிலிருந்து கத்தினான்.

அதிகாரி சிரிக்கவில்லை. "திருத்தி வையுங்கோ, இன்னொருநாள் வாறன். ஆனா அதோடை அறிக்கையை முடிக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி அன்றைக்கு எனக்குச் சோறு போடும்போது கறிச்சட்டியைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

பின்னேரம் நான் மிசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். சகலன் வேலிப்பொட்டுக்குள்ளால் வந்தார். பக்கத்தில் குந்தி மிசினைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அண்ணை, மெய்யாவே இறைச்சனியளோ?"

"ஓம்."

"என்ரை முறையிலையோ?"

"ஓம் எண்டு எத்தினை தரமடா சொல்லுறது? கள்ளன், நான் கள்ளன். உன்ரை தண்ணியைக் களவெடுத்தனான். நம்படா தம்பி!"

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் நீ தந்திடுவாய், அதுதான்" என்றேன். அவருக்கு விளங்கியதோ தெரியாது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பிளக்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, தன் சாரத் தலைப்பில் துடைத்து, ஊதிப் பூட்டினார். புதுக்கயிறு கொண்டுவந்து சுற்றி ஒரு இழுவை. மிசின் கத்தத் தொடங்கியது. என் மிசின், என்னோடு இத்தனை வருசம் இருந்த மிசின், அவருடைய கைக்குத்தான் மரியாதை வைத்திருக்கிறது.

பிறகு அவர் நடந்து போனார். பின்வேலிக்குப் போய், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். கதியாலைப் பிடித்திருந்தார். நான் கொஞ்சநேரம் ஓடவிட்டு மிசினை நிற்பாட்டினேன். அவர் நிமிரவில்லை. திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

"உதுதான் அண்ணை" என்றார். "உதே சத்தந்தான். நான் அந்தப் பிள்ளையைக் கெடுக்கப் பாத்திட்டன்."

"நீ எங்கை கெடுத்தாய்? நானெல்லோ இறைச்சது."

"இல்லை. என்ரை முறையெண்டபடியால் உங்கடை மிசினெண்டு நினைக்கவே இல்லை, நான் திரும்பிப் பாத்திருக்க வேணும். பாக்காமல் சொல்லிப்போட்டன். அதிகாரி வரட்டும், நானே சொல்லுறன், நான் பிழையா விளங்கிட்டனெண்டு."

என் வயித்தெரிச்சல் அத்தோடு முடிந்தது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் அவர் அந்தத் தகப்பனுக்குத் தொலைபேசியில் விசயத்தைச் சொல்லிவிட்டார். தாய் அழுதழுது, "தன்ரை பிழையைத் தானே வந்து சொல்லுறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்" என்றாளாம். அதை மச்சாள் என் மனைவிக்குச் சொல்ல, மனைவி கனடாவுக்குச் சொன்னாள். கதை இப்போது ஊரில் எப்படி ஓடுகிறது தெரியுமா? சகலன் பிள்ளையை விமானத்திலிருந்து ஒருதரம் காப்பாற்றினார், பிறகு உண்மையைச் சொல்லி இரண்டாம் தரமும் காப்பாற்றினார். நான் பங்குத் தண்ணீரைக் களவெடுத்தவன். சந்தையில் என்னைக் கண்டால் "அண்ணை, இண்டைக்கு ஆரின்ரை முறை?" என்று கேட்கிறார்கள்.

இன்றைக்கு அதிகாரி வருகிற நாள். பிள்ளையும் தகப்பனோடு வருகிறாளாம். நான் விடிய எழும்பி மிசினைக் கிணற்றடி வாழைகளுக்குப் பின்னால் அதே இடத்தில் வைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த விமானத்தில் இருப்பது இரண்டே இரண்டு கதிரை. ஒன்றில் அவள் இருப்பாள். மற்றதில் சகலனாம். தலை சுற்றுகிற மனிதனுக்கு ஏன் அந்தக் கதிரை? யோசித்துப் பாருங்கள், இன்றைக்கு என் மிசின் கத்தினால்தானே அவளுக்கு லைசன்ஸ். ஆகவே நான் ஒரு முடிவெடுத்திருக்கிறேன். மிசின் கத்துகிற அந்தச் சூட்டோடு, எல்லாருக்கும் முன்னால், வெட்கத்தை விட்டு அந்தப் பிள்ளையிடம் நேராகப் போய், "பிள்ளை, முதல் ஆளாக அந்த மாமாவை ஏத்திறதுக்குப் பதிலாக..."

"அண்ணை! ஆக்கள் வந்திட்டினம், கெதியா வாங்கோ!"

வேலிக்கு அங்காலிருந்து அவர்தான். ஊருக்கே கேட்கிற சத்தம். இந்த மனிதனுக்கு இப்படி ஒரு தொண்டை இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"இண்டைக்கும் என்ரை முறைதான் அண்ணை. பரவாயில்லை, நல்லா இறையுங்கோ!"

"வாறன், வாறன்! கத்தாதை தம்பி, வாறன்!"